எந்தக் கால் மாமா?

"எனக்குத் தட்டைப் பாதம். நடந்தா வலி உசுரு போகுது. ஜீப்பு சொல்லு" என்று வாசல் கல்லில் சட்டமாக உட்கார்ந்துவிட்டான் செங்கோடன்.

மாதேஷுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போன வருஷம் எஸ்டேட்டில் மிளகு பறிக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்து, பிழைப்பானா என்று கிடந்தவன் இந்த அக்கா புருஷன். 'இவரு எந்திரிச்சு நடந்துட்டா, சேர்வராயன் கோயிலுக்கு ரெண்டு பேரும் சோடியா, வெறுங்காலோட நடந்தே வரோம்' என்று வேண்டிக்கொண்டவள் அக்கா வனிதா. இன்றைக்குத் திருவிழா. கூட நடக்க மாதேஷ் முந்தாநாளே சேலத்திலிருந்து வந்துவிட்டான். சாமி கொடுத்த கால் இப்போது ஜீப்பு கேட்கிறது!

"நீங்க வேணா ஜீப்புல வாங்க. நான் நடக்கறேன்" என்றாள் வனிதா, சுவரோரம் உட்கார்ந்து பூத்தொடுத்தபடி.

"அதெப்படி? சோடியான்னுதான வேண்டுன? நடந்தா ஒண்ணா நடக்கோணும், இல்லாட்டி ஒண்ணா ஜீப்புல போகோணும். சாமிகிட்ட நான் பேசிக்கறேன்."

"வேண்டுனது நானு. பேசறது நீங்களா?"

"பொழச்சது நானில்லையா?"

நேற்று வலது காலை இழுத்த மனுஷன் இன்றைக்கு இடது காலை இழுப்பதை மாதேஷ் கவனித்துக்கொண்டுதான் இருந்தான். அவனுக்குச் செருப்புக் கடையில் வேலை. அவனிடமா பாதக் கதை?

"மாமா, காலை நனைங்க. தட்டையா இல்லையான்னு நான் சொல்லிடறேன்."

ஒரு சொம்புத் தண்ணீரைக் காலில் ஊற்றி, காப்பிக்கொட்டை காயப்போடும் சிமெண்டுக் களத்தில் மாமாவை நடக்கவிட்டான். ஈரத் தடத்தில் விரல், குதிகால், நடுவில் கீற்றாக ஒரு வளைவு. கடையில் மாட்டியிருக்கும் படத்தில்கூட அவ்வளவு அழகான பாதம் கிடையாது.

எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு மருதாயி சிரித்தாள். "ஏஞ்சாமி, இந்தக் காலுக்குக் கொலுசே போடலாமே!"

"வளைவு நல்லா இருந்தாலும் வலிக்குமாம்!" என்றான் செங்கோடன். " தட்டைக்காலோட மூட்டை தூக்கறவன் இல்லியா? பாதத்தைப் பாத்து வலியச் சொல்ல முடியாதுன்னு டாக்டரே சொன்னாரு."

"நீங்க எப்ப டாக்டர்கிட்டப் போனீங்க?" என்றாள் வனிதா.

செங்கோடன் குனிந்து ஈரக் காலைத் துடைக்க ஆரம்பித்தான்.

வனிதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "உங்க உசுருக்காக வேண்டுனதுங்க. அதுக்குக்கூடவா இந்த நடிப்பு? கெளம்புடா மாதேசு, நாம நடக்கலாம்."

எழுந்தாள். உடனே கை சுவரைத் தேடியது. குதிகால் தரையில் படாமல், பல்லைக் கடித்துக்கொண்டு, விந்தி விந்தி நாலடி வைத்தாள். யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில் நிமிர்ந்துகொண்டாள்.

மாதேஷ் பார்த்துவிட்டான். ரெண்டு நாளாக மாமா நொண்டிக் காட்டிய அதே நொண்டல்!

திரும்பினான். மாமா தலையைக் குனிந்துகொண்டான்.

மறு நிமிஷம் மாதேஷ் பொத்தென்று கீழே உட்கார்ந்தான். "ஐயோ அக்கா! எங்குதிகாலு போச்சு! ஒரு அடி வைக்க முடியல! ஜீப்பு சொல்லுக்கா!"

"என்னடா கண்ணு ஆச்சு?" பதறிப்போன வனிதா, ஜீப்புக்காரருக்குப் போன் பண்ண விந்திக்கொண்டே உள்ளே ஓடினாள்.

செங்கோடன் மச்சினன் காதோரம் குனிந்தான்.

"புடிச்ச காலை மட்டும் மாத்திராத மாப்ள. உங்கக்கா நொண்டறத எதுத்தாப்புல வரும்போது பாத்தா ஒரு காலு, முன்னால போகும்போது பாத்தா இன்னொரு காலு. அதுலதான் நான் மாட்டிக்கிட்டேன்!"