முந்திவிட்ட குரவை

கல்லடிப் பாலத்தடி ஸ்டூடியோவின் யன்னல் வழியே வாவியின் பின்னேர வெளிச்சம் வந்து கூரையில் நெளிகிறது. சிவதர்ஷன் தன் எடிட்டிங் மென்பொருளோடு புதிதாக இணைத்திருக்கும் ஏஐ உதவியாளர், தவமலரின் முப்பது வருடப் பழைய கலியாண வீடியோக் கசற்றைச் சுத்தம் செய்து முடித்திருக்கிறது. கோடுகள் மறைந்து, கூறைச்சேலையின் சிவப்புத் திரும்பியிருக்கிறது. மணவறையில் இருக்கும் பெண், எதற்கென்று பார்ப்பவருக்குத் தெரியாத ஒரு சிரிப்பை அடக்குகிறாள். தாலி ஏறுகிறது, அதே கணத்தில் ஒரு பெண் நாவைச் சுழற்றிப் போடும் குரவை கேட்கிறது. பக்கத்தில் இருந்து பார்க்கும் தவமலர் தன் மடியிலிருந்த கசற் உறையை மேசையில் வைக்கிறாள்.

"இது பிழை தம்பி."

சிவதர்ஷன் திரையின் ஓரத்தில் ஏஐ எழுதியிருக்கும் குறிப்பை வாசிக்கிறான்: 'தாலி கட்டும் முன்பே குரவை கேட்டது. ஒலி விலகியிருக்கலாம் என்று பொருத்திவிட்டேன்.'

"சரியாத்தானே செஞ்சிருக்கு அன்ரி?"

"இல்ல தம்பி. எங்கட அக்கா எந்தக் கலியாணத்திலயும் முந்தித்தான் குரவை போடுவா. அவட அவசரம் அப்பிடி. அண்டைக்கும் அம்மா ஏசினவ." அவள் குரல் தணிகிறது. "இப்ப அவ இல்ல. அவட குரல் இதில மட்டுந்தான் கிடக்கு."

'குரவையைப் பழைய இடத்திலேயே விடு' என்று அவன் தட்டச்சு செய்கிறான். ஒலிப்பட்டை இடப்பக்கம் நகர்கிறது. திரையில் தாலி இன்னும் மாப்பிள்ளையின் கையில்தான் இருக்கிறது. எங்கிருந்தோ ஒற்றைக் குரவை எழும்புகிறது. மணவறைப் பெண் தலையைக் குனிந்து சிரிப்பை அடக்குகிறாள். நாற்காலியில் இருக்கும் தவமலரும்.