மூன்று பென்னி

எங்கள் தெருவில் நம்பிக்கையின் விலை நூற்றைந்து.

நூறு பவுண்டு பெறுமான பங்கை இரவல் கொடுத்தால், நூற்றைந்து பவுண்டுக்கு ஈடு வாங்கி வைத்துக்கொள்வோம். கைகுலுக்கல், புன்னகை, கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை எல்லாம் அதற்கு மேல் இலவசம்.

அந்த நூற்றைந்து, நூற்று நான்காகிவிடாமல் பார்த்துக்கொள்வது க்ளெனிஸின் வேலை. கார்ன்ஹில் தெருவில், எங்கள் தரகு நிறுவனத்தின் இரவல் மேசையில், எனக்குப் பக்கத்து நாற்காலி. இரவல் போன பங்கின் விலை ஏறினால், மதியம் மூன்று மணிக்கு, இரவல் வாங்கியவனைக் கூப்பிட்டு இன்னும் கொஞ்சம் ஈடு அனுப்பச் சொல்வாள்.

சொல்வதற்கு எளிது. நாயின் வாயிலிருக்கும் எலும்பைக் கேட்பதும் சொல்வதற்கு எளிதுதான்.

அவளிடம் அதிகம் இரவல் வாங்கியவன் டெர்மட். நாலு தெரு தள்ளி, ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் இருந்த வேறொரு தரகு நிறுவனத்தின் ஆள். ஒன்பது வருடமாகத் தினமும் போனில் பேச்சு. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை.

பேச்சு என்றால் சண்டை. பங்கின் அன்றைய விலை என்று அவள் ஒன்று சொல்வாள், அவன் வேறொன்று சொல்வான். அரைப் பென்னிக்கு அரை மணி நேரம் போகும். "மகராசி, இந்த விலை எந்தச் சந்தையில? உங்க வீட்டு மாடியிலயா?" என்று அவன் கத்துவது என் நாற்காலி வரை கேட்கும். க்ளெனிஸ் அவன் அப்பா செய்த தொழிலை விசாரிப்பாள். பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவில் ஒரு விலைக்கு ஒத்துக்கொள்வார்கள்.

முழுக்க விட்டுக்கொடுத்தவர் மற்றவருக்கு ஒரு கோப்பை பியர் தர வேண்டும். இது அவர்களுக்குள் விதி. க்ளெனிஸின் இழுப்பறையில் ஓர் அட்டை இருந்தது. அதில் இரண்டு பெயர், பெயருக்குக் கீழே தேதியிட்ட கோடுகள். டெர்மட் தர வேண்டியது நாற்பத்தொன்று, க்ளெனிஸ் தர வேண்டியது முப்பத்தெட்டு. இதுவரை ஒரு கோப்பையும் யாரும் குடிக்கவில்லை.

சந்தை ஆடிக்கொண்டிருந்த வாரம் அது. எந்த நிறுவனத்தின் கட்டடம் முதலில் சாயும் என்று சாண்ட்விச் கடைக்காரன்கூட ஊகம் சொன்னான். வெளியே இருப்பவன் ஊகிக்கலாம். உள்ளே இருப்பவன் தன் நிறுவனத்தைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. திறந்தால் வேலை போகும், பிறகு வழக்கு, பிறகு ஜெயில் சாப்பாடு. போதாததற்கு எங்கள் போன்களில் பேசுவதெல்லாம் பதிவாகும்.

வியாழக்கிழமை மூன்று மணி. க்ளெனிஸ் வழக்கம்போல மூன்று பென்னி கூட்டியே சொன்னாள். அவன் அதைக் குறைப்பான், அவள் அவனை வைவாள், தேநீர் ஆறும்.

மறுமுனையில் டெர்மட்டின் குரல் வந்தது.

"நீ சொன்னா சரிதான், க்ளெனிஸ். அனுப்பிடுறேன்."

'மகராசி' என்ற கத்தல் இல்லை.

அவள் போனை வைத்தாள். தேநீரில் நனைத்த பிஸ்கட் கரைந்து விழுந்ததைப் பார்க்கவில்லை. டெர்மட்டிடம் போன அத்தனை பங்கையும் திருப்பிக் கேட்கும் தாளை எடுத்தாள்.

மூன்று கோடி பவுண்டு. ஷெஃபீல்டு பஸ் ஓட்டுநர்களின் ஓய்வூதிய நிதிக்காக நாங்கள் இரவல் விட்டிருந்த பங்குகள்.

மேலாளர் ஹியூகோ ஓடி வந்தார். அவர் சொன்னதில் ஒன்றுகூடத் தப்பில்லை. அந்த நிறுவனத்துக்கு முதல்தர மதிப்பீடு. வரம்பு மீறவில்லை. ஈடு முழுசாக இருக்கிறது. நம் வருமானத்தில் கால்பங்கு அவர்கள் தருவது. எல்லாவற்றையும் ஒரே நாளில் திருப்பிக் கேட்பது முகத்தில் துப்புவதற்குச் சமம். சும்மாவே துப்பியதாக முடிந்தால், திங்கட்கிழமை இந்த நாற்காலியில் வேறு யாரோ இருப்பார்கள்.

க்ளெனிஸ் ஈட்டின் பட்டியலை அவர் பக்கம் திருப்பினாள். பாதிக்கு மேல் சின்ன வங்கிகளின் பங்கு. டெர்மட்டின் நிறுவனம் விழுகிற அன்று அவையும் கூடவே விழும். நூற்றைந்து அறுபதாகிவிடும்.

அது விழும் என்பதற்கு என்ன காரணம் என்றார் ஹியூகோ.

"பேரம் பேசலை, ஹியூகோ. திருப்பித் தரப்போறவன்தான் பேரம் பேசுவான்."

தாளில் 'காரணம்' என்றிருந்த கட்டத்திலும் அதையே எழுதினாள்: பேரம் இல்லை. கீழே தன் கையெழுத்தைப் போட்டாள். அந்த அதிகாரம் அவளுடையது. பழியும்தான்.

செவ்வாய்க்கிழமை மாலைக்குள் கடைசிப் பங்கு வரை வந்து சேர்ந்தது, ஈடு திரும்பிப் போனது. புதன் காலை அந்தக் கண்ணாடிக் கட்டடத்திலிருந்து ஆட்கள் அட்டைப்பெட்டிகளோடு வெளியே வந்தார்கள். தெருவில் மற்றவர்களெல்லாம் நூற்றுக்கு அறுபதாவது கிடைக்குமா என்று வக்கீல் பிடித்தார்கள். ஷெஃபீல்டில் பஸ்கள் நேரத்துக்கு ஓடின.

தெருவே க்ளெனிஸின் மோப்பத்தைப் புகழ்ந்தது. ஹியூகோ ஷாம்பேன் வாங்கினார். பேரம் பேசாதவனை நம்பாதே என்பதை, தானே கண்டுபிடித்ததுபோல மூன்று கூட்டங்களில் சொன்னார். நானும் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். க்ளெனிஸ் மட்டும் எதுவும் சொல்லவில்லை.

விசாரணைக்காரர்கள் வந்து அந்த வியாழக்கிழமை அழைப்பை இரண்டு முறை போட்டுக் கேட்டார்கள். ஒருவன் ஒரு விலைக்கு ஒப்புக்கொள்கிறான். அவ்வளவுதான் அதில் இருந்தது. மூடி வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அவர்கள் போன பிறகு, ஸ்டேப்ளர் தேடி அவள் இழுப்பறையைத் திறந்தேன். மேலாக அந்த அட்டை.

விதிப்படி, விட்டுக்கொடுத்தவன் டெர்மட். நாற்பத்திரண்டாவது கோடு அவன் பெயருக்குக் கீழே விழுந்திருக்க வேண்டும்.

வியாழக்கிழமைத் தேதியிட்ட கோடு மற்றப் பெயருக்குக் கீழே இருந்தது.

டெர்மட் தர வேண்டியது: நாற்பத்தொன்று.

க்ளெனிஸ் தர வேண்டியது: முப்பத்தொன்பது.