இரண்டாவது கவர்

அந்த ஆள் கவரை இடது கையால் நீட்டினார். விக்ரமுக்குச் சுருக்கென்றது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் சர்க்யூட் போர்டு அடித்துத் தரும் கடை அது. மலிவு. டிசைன் ஃபைலை மெயிலில் அனுப்பினால் நாலே நாளில் ஐந்து போர்டு தயார். ஐந்துக்குக் குறைவாக அடிக்க மாட்டார்கள். ஃபைலைச் சரிபார்ப்பது, கவுன்ட்டரில் எடுத்துக் கொடுப்பது எல்லாம் இந்த அமல்ராஜ்தான். வலது கை பேன்ட் பாக்கெட்டுக்குள் சொகுசாக இருக்க, இடது கை மட்டும் உழைத்தது.

ஏற்கெனவே போனில் இவரோடு ஒத்துவரவில்லை. ஆபீஸ் மீட்டிங் நடுவே கூப்பிட்டு, "அந்த எட்டுக்கால் சிப்பு கீதே சார், அத மேலேர்ந்து பாத்து வரைஞ்சீங்களா, கீழேர்ந்து பாத்தா?" என்றார். என்ன கேள்வி இது? ஃபைலில் இருப்பதை அப்படியே அடியுங்கள் என்று வைத்துவிட்டான். மறுபடி கூப்பிட்டு, இது எந்த மிஷினுக்கு என்று விசாரித்தார். டிசைனைச் சுடப் பார்க்கிறார் என்று முடிவு கட்டி, அது உங்களுக்கு எதுக்கு என்று வெடுக்கென்று கேட்டுவிட்டான்.

இப்போது இரண்டாவதாக இன்னொரு கவர். அதுவும் இடது கையால்.

"நான் ஆர்டர் பண்ணது அஞ்சுதானே?"

"இதையும் வெச்சிக்கோங்க சார். பில்லு ஒண்ணுக்குத்தான்." முதலாளி ரூம் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஊட்டுக்குப் போய்ப் பாருங்க, புரியும்."

விக்ரமுக்கு ஒன்றும் புரியவில்லை. கேட்காததைக் கொடுக்கிறார், பில் போடவில்லை, கிசுகிசுக்கிறார். கழித்துப் போட்ட சரக்காக இருக்கும். வாசலில் பைக்கில் உட்கார்ந்தபடியே ரிவ்யூ எழுதினான். 'வேஸ்ட் போர்டைத் தலையில் கட்டுகிறார்கள். பொருளை இடது கையால் நீட்டுகிறார்கள். மரியாதை தெரியாத இடம்.' ஒரே ஒரு ஸ்டார் கொடுத்த பிறகுதான் மனசு ஆறியது.

அந்த போர்டு குப்பம்மாவுக்காக. திருமுல்லைவாயிலில் விக்ரம் குடியிருக்கும் வீட்டின் கீழ் போர்ஷன் அவருடையது. அவர் வேலை செய்யும், இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் கம்பெனியில் போன மாதம் ஒரு பெண்ணுக்கு விரல் நசுங்கியது. கை உள்ளே போனால் மிஷின் தானாக நிற்கிற மாதிரி செய்ய முடியுமா என்று குப்பம்மா கேட்டார், இவன் வரைந்தான். ஓரத்தில் வெள்ளை எழுத்தில் 'கை உள்ளே வந்தால் நில்' என்று ஆசையாகத் தமிழிலேயே போட்டிருந்தான்.

திங்கட்கிழமை காலை ஒரே ஒரு ட்ரையல். மிஷின் நிற்கவில்லை என்றால் இனி யாரும் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்று பிரஸ் முதலாளி சொல்லியிருந்தார்.

ஞாயிறு மதியம் முதல் கவரைப் பிரித்து சிப்பை சால்டர் செய்தான். கரண்ட் கொடுத்ததும் புகை வந்தது. இன்னொரு போர்டு, இன்னொரு சிப். அதுவும் புகைந்தது. இருந்த மூன்று சிப்பில் மிச்சம் ஒன்று. எங்கே தப்பு என்று தெரியவில்லை. பத்து தடவை பார்த்த டிசைன்.

குப்பம்மா படியேறி வந்தார்.

"இன்னா தம்பி, நாளைக்கு நிக்குமா?"

எதையாவது செய்ய வேண்டுமே என்று இரண்டாவது கவரைப் பிரித்தான். அதே போர்டு, அதே எழுத்து. பக்கத்தில் வைத்துப் பார்த்தான். சிப்பின் எட்டுக் கால்களுக்குப் போகும் இணைப்புக் கோடுகள் மட்டும் இடம் வலமாக மாறியிருந்தன. மேலிருந்து பார்த்தா, கீழிருந்து பார்த்தா? அந்தக் கேள்வி இப்போதுதான் மண்டையில் ஏறியது. சிப்பைக் கவிழ்த்து வைத்துப் பார்த்து வரைந்தவன் இவனேதான்.

கடைசி சிப்பை அந்த போர்டில் வைத்தான். வேலை செய்தது.

திங்கட்கிழமை குப்பம்மா பிரஸ்ஸுக்குள் விட்டது ஒரு முருங்கைக்காயை. மிஷின் பாதியில் நின்றது. காயில் கீறல் கூட இல்லை. அன்று மாலையே அதை சாம்பாரில் போட்டார். எட்டு மிஷினுக்கும் மாட்டிவிடச் சொன்னார் முதலாளி. விக்ரம் ஃபைலைத் திருத்தி, அதே கடைக்கு அனுப்பினான். எழுதிய ரிவ்யூவையும் அழித்தான். அத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நிம்மதியாக இருந்தான்.

வெள்ளிக்கிழமை கவுன்ட்டரில் அமல்ராஜைப் பார்த்ததும் மனசு விட்டு நன்றி சொன்னான். காசு கூட வாங்காமல் ஏன் இவ்வளவு மெனக்கெட்டீர்கள் என்று கேட்டான்.

"அதான் போர்டுலயே எழுதிக்கீதே சார், கைன்னு. கஸ்டமர் ஃபைலை நாங்க மாத்தக் கூடாது, அது ரூலு. அதான் உங்களுதையும் அடிச்சி, சரியானதையும் அடிச்சேன்."

போர்டு கவரை எடுக்கப் போனவர், கொஞ்சம் தயங்கினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். இடது கையால குடுக்குறேன்னு யாரோ கஸ்டமர் எழுதிட்டாராம். இனிமே வலது கையாலதான் குடுக்கணும்னு மொதலாளி சொல்லிட்டாரு."

பாக்கெட்டிலிருந்து வலது கையை வெளியே எடுத்து, கவரை நீட்டினார். அந்தக் கையில் இருந்தவை கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும்தான்.