குக்கருக்கு எங்கே வலிக்கிறது?

“அக்கா, இதுதான் கடைசி. இந்த வீட்டுலயும் குத்தம் கண்டுபிடிச்சா, பெறவு நான் வேற வீடு காட்ட மாட்டேன்” என்றான் பரமசிவன், ஆட்டோவைக் காரக்கோணம் பக்கம் திருப்பியபடி.

“குத்தம் இருந்தாத்தானே மக்கா நான் காணுவேன்” என்றாள் சுகிர்தபாய்.

பிள்ளை பார்க்கிற வேலையிலேயே அவளுக்குத் தலை நரைத்துவிட்டது. எந்த வீட்டில் கால் வைக்கலாம், எந்த வீட்டு வாசலோடு திரும்பிவிட வேண்டும் என்பது அவளுக்கு அத்துப்படி.

“மொத வீட்டுக்கு என்ன கொறச்சல்?” பரமசிவன் விடுவதாக இல்லை.

“ஆதார் அட்டைய வாங்கி அலமாரியில வச்சுப் பூட்டப் பாத்தாவ. ஆயாவுக்க அட்டை அவியளுக்கு எதுக்கு?”

“செரி. வெள்ளறடையில, நீங்க எங்க வீட்டு ஆளு ஆக்கும்னு தேனாட்டம் பேசினாவளே?”

“அதுதான் பயம். வீட்டு ஆளுக்குச் சம்பளமும் கெடையாது, ஞாயிறாழ்ச்சையும் கெடையாது.”

மூன்றாவது வீட்டைப் பற்றி அவன் கேட்கவில்லை. பழைய ஆயா ஏன் போனாள் என்று சுகிர்தபாய் கேட்டதும் அந்த வீட்டுப் புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் பார்த்து முழித்ததை அவனும் வாசலில் நின்று பார்த்தவன்தான்.

“அது கெடக்கட்டும். மகன் அயர்லாந்துல இருக்கும்போ ஒங்களுக்கு எதுக்கு இந்த அலைச்சல்? சானுகிட்ட ஒரு வார்த்த சொன்னா போதாதா?”

“அவனுக்க பாடு அவனுக்கு” என்று முடித்துக்கொண்டாள்.

போன வருஷம்தான் அவள் பரமசிவன் வீட்டுக்குப் பக்கத்தில், தங்கை சத்தியபாய் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். தங்கை வாய் திறந்து ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் தங்கையின் மருமகள் பாத்திரம் வைக்கிற சத்தம் கொஞ்ச நாளாக மாறியிருந்தது. இந்த வேலை கிடைத்தே ஆக வேண்டும்.

ஆட்டோவை விட்டு இறங்கியதும் முதலில் கொடியைத்தான் பார்த்தாள். குழந்தைத் துணிகள் நன்றாக அலசி, உதறி, வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. கிணற்றடியில் ஒரு கமுகம்பாளை சாய்த்து வைத்திருந்தது. அதைக் கண்டதும் அவளுக்கு நெஞ்சு இளகிப்போனது. சானுவை இப்படி ஒரு பாளையில் கிடத்தித்தான் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவாள். மீன் மாதிரி வழுக்கிக்கொண்டு போவான் பயல். எத்தனை வருஷம் ஆனால் என்ன, அந்த எண்ணெய் வாசம் இன்னும் கையிலேயே இருப்பதுபோல் இருந்தது.

உள்ளே அடுக்களையில் சிஜி, இடுப்பில் பிள்ளையோடு, அடுப்பிலிருந்த குக்கரிடம் இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தாள். எங்கே வலிக்கிறது, எப்போதிருந்து வலிக்கிறது என்று அவள் கேட்க, குக்கர் ஒரு விசில் விட்டது.

திரும்பிப் பார்த்தவளுக்கு வெட்கமாகிவிட்டது. “வாங்க ஆன்ட்டி. நான் நர்ஸ் ஆக்கும். இங்கிலீஷ் பரீட்சைக்குப் பேசிப் பழகுகேன். இப்பம் குக்கர்தான் எனக்க பேஷண்ட்.”

பேச்சு தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் வரலாம். சம்பளம் மாதம் பிறந்ததும் கைக்கு வந்துவிடும். பழைய ஆயா?

“ஓமனாச் சேச்சிக்க மகளுக்குப் பிரசவம், அதான் போயிட்டாவ. நம்பர் தாறேன், நீங்களே விளிச்சுக் கேளுங்க.”

அப்படிச் சொன்ன வீட்டை அவள் இதுவரை கண்டதில்லை. அதற்குள் எட்டு மாசப் பிள்ளை ஜெனில் அவளிடம் தாவி, சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, அவள் தோளில் வாயை வைத்து ஈரமாக்கிவிட்டான்.

“இவன் யாருகிட்டயும் இப்பிடிப் போவ மாட்டான்” என்று சிஜி வியந்தாள். “ஆன்ட்டிக்கு எத்தன பிள்ளைய?”

“ஒருத்தன்தான். சானு.” அந்தப் பேரைச் சொன்னதும் சுகிர்தபாய்க்கு வாய் ஓயவில்லை. “காக்காயக் காட்டாம ஒரு வாய் சோறு எறங்காது அவனுக்கு. இடி இடிச்சா ஓடி வந்து எனக்க முந்தானைக்குள்ள நொழஞ்சுக்கிடுவான்.”

“இப்பம் எங்க இருக்கான்?”

“அயர்லாந்துல.”

சிஜியின் முகம் மலர்ந்தது. “நானும் அங்க போவத்தான் படிக்கேன் ஆன்ட்டி. பாஸ் ஆயிட்டா அடுத்த வருஷம் இவனுக்க அப்பாவும் சேத்து மூணுபேரும் கெளம்பிருவோம். அதுவரைக்கும் நீங்க இவன நோக்கினா போதும்.”

சுகிர்தபாய் சங்கிலியிலிருந்து பிஞ்சு விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்து, பிள்ளையைத் தாயிடம் கொடுத்தாள்.

“வேற ஆளப் பாரு மக்கா. தப்பா நெனைக்காத.”

பிள்ளை வீரிட்டு அழுதான். அவள் திரும்பிப் பாராமல் ஆட்டோவில் வந்து ஏறிக்கொண்டாள்.

விஷயத்தைக் கேட்டதும் பரமசிவனுக்கு எரிச்சல் தாங்கவில்லை. “நல்ல வீடுன்னு நீங்களே சொல்லுதிய. ஒரு வருஷம்னா ஒரு வருஷம், அதையும் எதுக்கு விடணும்? அவிய அயர்லாந்து போனா ஒங்களுக்கு என்ன? மகன் இருக்க ஊருதானே?”

ரப்பர் மரங்கள் பின்னால் ஓடின. தோளில் பிள்ளையின் எச்சில் ஈரம் இன்னும் காயவில்லை. சுகிர்தபாய் அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

“சானுவுக்க அம்மையும் இப்பிடித்தான் பரமசிவா, தேங்கா துருவிக்கிட்டே இங்கிலீஷ் பேசிப் படிச்சா. பாஸ் ஆனதும் அவனத் தூக்கிட்டுப் போனாவ. அப்பம் அவனுக்கு மூணு வயசு. நான் அவனுக்க ஆயா ஆக்கும்.”