அடுத்தவர் பிரஷ்

"அடுத்தவர் எழுதின கோடிங்கும் அடுத்தவர் பல் தேய்க்கிற பிரஷ்ஷும் ஒண்ணு. நான் ரெண்டையும் தொட்டதில்லை."

மனித குலத்துக்கே அறிவிப்பதுபோல் சொல்லிவிட்டு டீயை உறிஞ்சினான் ஜன்னல். பல் டாக்டர்களுக்கான மென்பொருளில் விண்டோஸ் கம்ப்யூட்டருக்குத் திரைகள் எழுதுவதால் ஆபீஸ் வைத்த பெயர் அது.

பக்கத்து மேஜைக்காரி அதே திரைகளை மேக் கம்ப்யூட்டருக்கு எழுதுபவள். "பொத்தான் ஒண்ணுதானேண்ணா? ஒரே கோடிங் ரெண்டுலயும் ஓடினா என்னவாம்?"

"ஓடும். ஊரார் பிரஷ்ல தேய்ச்ச மாதிரி இருக்கும்."

அன்று மாலையே மேனேஜர் குண்டைப் போட்டார். இனி இரண்டுக்கும் ஒரே கோடிங். வெள்ளிக்கிழமை, நோயாளிகளுக்கு நாள் குறிக்கிற காலண்டர் திரை யாருடையது நன்றாக ஓடுகிறதோ அவர்தான் எழுதுவார். மற்றவர் பொத்தானை அமுக்கி அமுக்கிச் சோதிக்கிற வேலைக்குப் போவார்.

ஜன்னல் அவள் திரையை எட்டிப் பார்த்தான். அவள் காலண்டரில் நோயாளி பெயரைப் பிடித்து இழுத்தால், எண்ணெய் விட்ட கதவு மாதிரி நகரும். தான் போன வருஷம் எழுதின காலண்டரைப் பழசு என்று கடாசிவிட்டு இவன் புதிதாக எழுதியதோ, செவ்வாய்க்கும் புதனுக்கும் நடுவில் முரண்டு பிடித்து நின்றது.

வியாழன் மதியம் அவள் சாப்பிடப் போனாள். எல்லோர் கோடிங்கும் ஆபீஸின் பொதுக் கிடங்கில்தான் இருக்கிறது. யாரையும் கேட்க வேண்டாம். அவள் காலண்டரைத் திறந்தான். நடுவில் ஒரு குறிப்பு: 'இந்த வரியைத் தொடாதே. ஏன் ஓடுதுன்னு தெரியல.'

"எழுதின ஆளுக்கே தெரியலையாம்," என்று சிரித்தான். ஆனாலும் தொடவில்லை. அப்படியே அள்ளித் தன் பக்கம் போட்டுக்கொண்டான். ஒரு எழுத்துகூட மாற்றாமல் விண்டோஸில் ஓடியது. அவனுக்கே ஆச்சரியம்.

வெள்ளிக்கிழமை மேனேஜர் இழுத்துப் பார்த்தார். பெயர் செவ்வாயிலிருந்து புதனுக்கு வழுக்கிக்கொண்டு போனது. இருவர் கோடிங்கையும் அருகருகே திறந்தார்.

"வரிக்கு வரி ஒண்ணா இருக்கே. இதை யார் எழுதினது?"

ஜன்னல் முந்திக்கொண்டான். "ஒவ்வொரு வரியும் நான் எழுதினது சார்."

அவள் அந்தக் குறிப்பைப் பார்த்தாள். தொலைந்தோம், இனி ஆயுசுக்கும் பொத்தான்தான் என்று அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"நிஜம்தான் சார். போன வருஷம் அண்ணா கடாசின காலண்டரைத்தான் அந்தக் குறிப்போட அப்படியே எடுத்து நான் ஓட்டிக்கிட்டிருக்கேன்."