ஏமாறாத கண்

"கண்ணு தெரியாதவனையெல்லாம் ஃபோர்க்லிஃப்ட்ல ஏத்தி உட்கார வச்சா இப்படித்தான்!"

கண் ஆஸ்பத்திரி என்றுகூடப் பார்க்காமல் சூப்பர்வைசர் கத்தினார். போன வாரம் குடோனில் சரக்குத் தூக்கும் அந்த வண்டி அவர் மேல் ஏறப் பார்த்து, கடைசி நொடியில் திரும்பி ரேக்கில் மோதி நின்றது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

வண்டியை ஓட்டிய டிரைவர் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். கண்ணில் கோளாறு என்று ஒரு வரி எழுதிவிட்டால் இன்றோடு வேலை போச்சு. பதினெட்டு வருஷமாக அவனுக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதான்.

பரிசோதனை செய்யும் பெண், கண்மணியைப் படமெடுக்கும் கேமரா பொருத்திய திரைமுன் அவனை உட்கார வைத்தாள்.

"நடுவுல இருக்கிற வெள்ளையைப் பாருங்க. என்ன தெரியுது?"

வெள்ளை வட்டம். அதைச் சுற்றிச் சாம்பல் நிற இதழ்கள், உள்ளே வர வர வெளுத்துக்கொண்டே வந்தன.

"நடுவுல... லைட் போட்ட மாதிரி கூசுதும்மா."

சூப்பர்வைசர் சும்மா இருப்பாரா? எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"லைட்டாம்! சாதா வெள்ளைய்யா அது. எழுதிக்கோங்கம்மா, இவன் அவுட்டு."

"சத்தியமா கூசுது சார். வேணும்னா நீங்களே உட்கார்ந்து பாருங்க."

"நகரு!" உட்கார்ந்தார். "எங்கே கூசுது? ஒரு மண்ணும் இல்லை. என்னையெல்லாம் எவனும் ஏமாத்த முடியாது."

அந்தப் பெண் கேமராவில் அவர் கண்மணியைப் பார்த்தாள். இன்னொரு முறை பார்க்கச் சொன்னாள். மூன்றாவது முறையும் சொன்னபோது அவள் முகம் மாறியிருந்தது.

"சார், அங்கே வெளிச்சம் இல்லைதான். ஆனா நல்ல கண்ணு ஏமாந்துடும். வெளிச்சம்னு நம்பி கண்மணி சுருங்கும். அவருக்குச் சுருங்குச்சு, உங்களுக்குச் சுருங்கலை. இதை வச்சே முடிவு கட்ட முடியாது. ஆனா கண் அழுத்த நோயா இருக்கலாம். அது ஓரப்பார்வையைச் சத்தமில்லாம தின்னுடும். இப்பவே டாக்டரைப் பாருங்க."

சூப்பர்வைசர் டிரைவர் பக்கம் திரும்பினார்.

"அப்போ... அன்னிக்கு வண்டி பக்கவாட்டுல வந்தது..."

"அன்னிக்கு மட்டும் இல்லை சார், மூணு தடவை. வண்டி வர்றது தெரியாம நேரா குறுக்கே வந்துட்டீங்க. சொன்னா என்னையே குருடன்னு விரட்டியிருப்பீங்க." டிரைவர் அவர் பக்கத்தில் வந்து நின்றான். "அதான், என் கண்ணு சரியில்லைன்னு முதலாளிக்கு நானே எழுதிக் கொடுத்தேன். கூட்டிட்டு வர உங்களைத்தான் அனுப்புவார், வந்தா உங்க கண்ணையும் பார்க்க வச்சுடலாம்னு."