பட்டன் கட்டியவள்

"இந்தப் பட்டனைக் கட்டினது எவ?"

சவரம் செய்துகொண்டிருந்த கணவன் கண்ணாடி வழியாகவே மனைவியைப் பார்த்தான். அவள் கையில் அவனுடைய கருநீலச் சட்டை.

"எந்தப் பட்டன்?"

"மேலேர்ந்து மூணாவது. சட்டை நீலம், நூல் கறுப்பு. என் வீட்டுலயே இப்படி ஒரு கூத்தா?"

துணிக்கடை ஒன்றுக்கு வீட்டிலிருந்தே சட்டைகளுக்குப் பட்டன் கட்டித் தருகிறவள் அவள். முடித்த சட்டைகளை ஆபீஸ் போகிற வழியில் கடையில் சேர்ப்பது அவன் பொறுப்பு. அவளுடைய மேசைக்கு மேலே அழுதுவடிந்துகொண்டிருந்த மஞ்சள் பல்பை நேற்றுதான் கழற்றிவிட்டு, பளிச்சென்று ஒரு வெள்ளை விளக்கு மாட்டியிருந்தான். வேண்டாத செலவு என்று அவள் முணுமுணுத்ததைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

"அறுந்திருக்கும். யாராவது கட்டிக் கொடுத்திருப்பாங்க."

"அந்த யாராவது யாருன்னுதான் கேக்கறேன். ஆபீஸ்லயா?"

"காலங்காத்தால ஆரம்பிச்சுட்டியா?"

"முடிச்சு மட்டும் படு சுத்தம். கைகாரிதான் எவளோ. கண்ணுதான் அவிஞ்சு போச்சு!"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சட்டையை நாற்காலியில் வீசினாள்.

"அதுக்குத்தான் தினமும் அரை மணி முன்னாடியே கிளம்பறீங்களா?"

அவள் விறுவிறுவென்று போய் அவனுடைய ஆபீஸ் பையைக் கவிழ்த்தாள். சாப்பாட்டு டப்பா, குடை, சீப்பு... கடைசியாக ஒரு தகர டப்பா உருண்டு வந்தது. திறந்தால், ஊசி, குட்டிக் கத்தரி, பாதி தீர்ந்த கருநீல நூல்கண்டு.

"நூல் வாங்கிக் கொடுக்கற அளவுக்கு வந்தாச்சா? சொல்லிடுங்க. நான் எங்க அம்மா வீட்டுக்குப் போயிடறேன்."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தான். "சொன்னா வருத்தப்படுவே."

"இனிமே வருத்தப்பட என்ன பாக்கி?"

"சரி, உன்னோட நீல நூலை எடு."

"எதுக்கு?"

"எடேன்."

மேசை இழுப்பறையில் நீலத்துக்கு இடது மூலை, கறுப்புக்கு வலது மூலை. பார்க்கக்கூடத் தேவையில்லை, அவள் கை தானாகவே போகும். இடது மூலையில் கிடந்ததை எடுத்து விளக்குக்கு நேரே நீட்டினாள். "இதோ, நல்லாப் பாத்துக்குங்க. இதுதான் நீ..."

நூலைக் கண்ணருகே கொண்டுபோனாள்.

வெள்ளை வெளிச்சத்தில் அந்த நூல் கன்னங்கரேலென்று இருந்தது.

"இன்னொரு தடவை நூல் மாறினா வேலை கிடையாதுன்னு கடைக்காரர் சொல்லிட்டார்" என்றான் அவன். "அதான் பஸ் ஸ்டாப்புல உக்காந்து, மாறினதையெல்லாம் பிரிச்சு நானே நீலத்துல கட்டிக் கொண்டுபோய்க் கொடுக்கறேன். என் சட்டையில நீ கட்டினதை மட்டும் பிரிக்க மனசு வரல."